மேனாம்பேட்டு வீட்டுக்கு யாராவது வந்தால்

1

போன வாரம் முழங்கால் வலிக்காக ஒரு புது டாக்டரிடம் போயிருந்தேன். இங்கே எந்த வலியையும் முதலில் படிவத்திடம்தான் சொல்ல வேண்டும். வரவேற்பில் இருந்த பெண் நான்கு பக்கம் கொடுத்தாள். மூன்றாம் பக்கத்தில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: இருக்கிறார், இறந்துவிட்டார்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கை தானாகவே குறி போட்டது. அதற்கடுத்த வரியில் 'முரளி, தம்பி' என்று எழுதினேன். கட்டம் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் படிவத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "ஒன்று விட்டுப்போயிருக்கிறது" என்றாள். "எனக்குத் தெரியாது" என்றேன். ஆங்கிலச் சொல்லுக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. குரலை உயர்த்தி, நிறுத்தி நிறுத்தி, "செத்துப்போய்விட்டாரா என்று கேட்கிறார்கள், அன்பே" என்று விளக்கினாள். உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள்மேல் கோபம் வரவில்லை. காலையில் ஐந்தரைக்கு எழுந்து முதியோர் இல்லத்துச் சமையலறையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டுப் போயிருந்த எனக்குக் கோபப்படவும் தெம்பு வேண்டும்.

பதினான்கு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் அவ்வப்போது குடும்பத்தைப் பற்றிக் கேட்பார்கள். தமிழில் 'எனக்கு ஒரு தம்பி' என்று சொல்லி நிறுத்திவிடலாம். வினைச்சொல்லே வேண்டாம். ஆங்கிலத்தில் அப்படி நிறுத்த விடமாட்டார்கள். இருக்கிறானா, இருந்தானா என்று வாக்கியத்தின் நடுவிலேயே தீர்மானித்தாக வேண்டும். நான் பல தடவை தடுமாறியிருக்கிறேன். என் ஆங்கிலம் இன்னும் சரியாகவில்லை என்று அவர்கள் எண்ணிக்கொள்வார்கள்.

2

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நானும் முரளியும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மஞ்சள் நிறம், காலையில் ஒரே சங்கு. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும் என்பதால் அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஒரு மனை வாங்கினார். அது அதுவரை வேர்க்கடலை போட்ட நிலம். விற்றவர் அந்த ஊர்ப் பழைய விவசாயக் குடும்பம். அவருடைய மருமகள் தனலட்சுமிதான் பின்னால் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ஆனாள். என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவள். நான் தனம் அக்கா என்று கூப்பிடுவேன்.

எண்பத்திரண்டில் வீடு முடிந்தது. ஒரு கூடம், இரண்டு அறை, சமையலறை, பின்னால் ஒரு அடிபம்பு. கூடத்துச் சுவரில் எந்த நிறம் அடிப்பது என்று ஒரு மாதம் பேசினோம். அப்பாவுக்கு மஞ்சளைத் தவிர எதுவானாலும் சரி. முரளிக்கு அப்போது பதினாறு வயது. நீலம் அடிக்கச் சொன்னவன் அவன்தான்.

மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தேன். எண்பத்தைந்தில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ராஜன் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை செய்துகொண்டிருந்தவர், கனடாவில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்துப் போனார். பின்னாலேயே நானும் வந்தேன். விமான நிலையத்துக்கு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் முரளி. "உள்ள போனதும் சன்னலோரம் சீட் கேளு" என்றான். வேறெதுவும் பேசியதாக நினைவில்லை. அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

3

அவன் வீட்டை விட்டுப் போனது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். அம்மாவின் நீல ஏரோகிராம் வந்தது. நான் அப்போது ஏழு மாதம். இந்த நிலையில் உனக்கு எழுதக்கூடாதுதான், எழுதாமல் இருக்க முடியவில்லை என்று ஆரம்பித்திருந்தாள்.

தொழிற்சாலைப் பயிற்சியாளர் தேர்வுக்கு அப்பா அவனை விண்ணப்பிக்க வைத்திருந்தார். அவன் தேர்வுக்குப் போகவேயில்லை. நன்றாக எழுதியிருக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டான். ஒரு மாதம் அப்பா முடிவுக்குக் காத்திருந்து, கடைசியில் பழைய ஆபீஸுக்கே போய் விசாரித்திருக்கிறார். அங்கே, கூட வேலை பார்த்தவர்கள் எதிரிலேயே, உங்கள் பையன் வரவேயில்லையே சார் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து அடிக்கவில்லை, கத்தவில்லை. "பொய் சொல்றவனுக்கு இந்த வீட்டுல இடம் இல்ல" என்று மட்டும் சொன்னாராம். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். இருபது வயது.

இரண்டு நாளில் வந்துவிடுவான் என்று நினைத்தார்கள். பிறகு பத்து நாள் என்று நினைத்தார்கள். அம்மா நச்சரித்து அப்பாவை போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகு அப்பா அவன் பெயரைச் சொல்லவே இல்லை. அம்மா மட்டும் ஒவ்வொரு ஏரோகிராமிலும், ஒட்டும் மடிப்பில் மிச்சமிருக்கும் இடத்தில், 'தகவல் இல்லை' என்று எழுதுவாள். தொண்ணூறில் அம்மா போனதும் அந்த வரியும் நின்றுவிட்டது.

அப்பா தனியாக இருந்தார். இங்கே வந்துவிடுங்கள் என்று போனில் கெஞ்சினேன். "வீட்ட யாரு பாத்துக்கிறது?" என்றார். நான் சலித்துக்கொண்டேன். ரெண்டு ரூமும் ஒரு கூடமும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமா என்றேன். அவர் எதைச் சொன்னார் என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று.

தொண்ணூற்று மூன்றில் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நான் அப்போதுதான் இந்நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தேன். பிறந்த ஊருக்குப் போக விசா வேண்டும். புது பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பதினோரு நாள் ஆகியிருந்தது. தனம் அக்காவின் கணவர் ஏழுமலை அண்ணன்தான் அப்பாவுக்குக் கொள்ளி வைத்திருந்தார். வீட்டைப் பூட்டி, சாவியைத் தனம் அக்காவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

4

நான்கு வருடம் வீடு பூட்டிக் கிடந்தது. தனம் அக்கா எப்போதாவது யாரையாவது எழுதச் சொல்லிக் கடிதம் போடுவாள். மாடியில் நீர் தேங்குகிறது, பின்சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது, தெருக்காரர்கள் வாசலில் குப்பை கொட்டுகிறார்கள். தொண்ணூற்று ஏழில், அந்த மனையில் அடுக்குமாடி கட்ட ஒருவர் கேட்கிறார் என்று செய்தி வந்தது. ராஜன் யோசித்துவிட்டு, "வித்துடு வசந்தா. இங்கிருந்துக்கிட்டு எத்தனை நாளைக்கு அரசங்கன்னு பிடுங்க முடியும்?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். மகள் நித்யாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நித்யாவுக்குப் பதினோரு வயது. நாங்கள் தமிழில் பேசினால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லுவாள். மேனாம்பேட்டில் இறங்கியபோது எனக்கே வழி தெரியவில்லை. வேர்க்கடலை நிலமெல்லாம் வீடாகியிருந்தது. முகப்பேர்ப் பக்கம் போல இங்கேயும் சீக்கிரம் வந்துவிடும் என்று ஆட்டோக்காரர் பெருமையாகச் சொன்னார். எது வந்துவிடும் என்று நான் கேட்கவில்லை.

பூட்டைத் திறந்தோம். நித்யா கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு சுற்றிலும் பார்த்தாள். அவளுக்குக் 'காலி' என்ற சொல் தெரியாது. "அம்மா, வீடு ஏன் சும்மா இருக்கு?" என்றாள். நீலச் சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்ந்து தரையில் கிடந்தது. அவள் காலால் அதை ஒரு ஓரமாகத் தள்ளினாள். பிறகு, "வீட்டுக்கு எப்போ போறோம்?" என்று கேட்டாள். வீட்டுக்குள் நின்றுகொண்டுதான் கேட்டாள். அவள்மேல் தப்பில்லை.

பூந்தமல்லியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். வயதானவர், பொறுமையானவர். வாரிசு இரண்டு பேர், ஆண் வாரிசின் கையெழுத்து வேண்டும் என்றார். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போய் எத்தனை வருஷம் ஆச்சும்மா?"

"பதினோரு வருஷம் சார்."

"ஏழு வருஷம் ஒருத்தரைப் பத்தி எந்தத் தகவலும் இல்லேன்னா இறந்துட்டதா எடுத்துக்கச் சட்டத்துல வழி இருக்கு. கோர்ட்டுல மனு போடணும். போலீஸ்ல குடுத்த புகார் பிரதி வேணும். நீங்க ஒரு பிரமாணப் பத்திரம் குடுக்கணும். குடும்பத்தைத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரும் குடுக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்க இருந்தா நல்லது."

"நான் என்ன எழுதிக் குடுக்கணும்?"

"உங்க தம்பி உயிரோட இல்லேன்னு நம்பறதா."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சென்னீர்க்குப்பம் வந்தது, ஆவடி வந்தது, எங்கள் குவார்ட்டர்ஸின் மஞ்சள் சுவர் ஓடி மறைந்தது. அவன் இறந்துவிட்டான் என்று நான் நம்புகிறேனா? பல வருடங்களாக நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. வேலை, சமையல், நித்யாவின் பள்ளிக்கூடம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். யாரும் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டதில்லை, அவ்வளவுதான். ஆவடி தாண்டுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அலுப்பில் எடுத்த முடிவு. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

5

நான்கு நாள் கழித்துத் தனம் அக்காவை வக்கீலிடம் கூட்டிப் போனேன். எதற்கு என்று சொல்லியிருந்தேன். வழியெல்லாம் அவள் பேசவில்லை. பஸ் அவளுக்கு ஆகாது என்று நினைத்தேன்.

நான் என் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்ததை அவள் முன்னால் வைத்துப் பேனாவைக் கொடுத்தார் வக்கீல். அவள் வாங்கவில்லை.

"இன்னா எழுதிக்கீதுன்னு ஒருவாட்டி படிச்சுக் காட்டு சார்."

அவர் படித்தார். மேற்படி முரளி என்பவரைச் சென்ற ஏழு வருடங்களுக்கு மேலாக நான் பார்க்கவும் இல்லை, அவரைப் பற்றி எந்தத் தகவலும் கேள்விப்படவும் இல்லை...

"நான் போட மாட்டேன் சார்."

"கையெழுத்து வராதாம்மா? கைநாட்டு வெச்சாக்கூடப் போதும்."

"கையெழுத்துலாம் வரும். இதுல போட மாட்டேன்."

எழுந்து வெளியே போய்விட்டாள். பின்னாலேயே ஓடினேன். கோர்ட் வாசலில் கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வசந்தா, என்னைத் திட்டணும்னா அப்புறமா திட்டிக்க. மொதல்ல கேளு. அவன் வந்தான்."

"யாரு?"

"முரளிதான். உங்கப்பா தவறிப்பூட்டு ரெண்டு வருஷம் ஆவறப்ப. ஆடி மாசம். காத்தால நான் வாசல் தெளிச்சிகினு கீறேன், உங்க ஊட்டாண்ட ஒரு ஆளு கேட்டுல தொங்கற பூட்டைப் புடிச்சிகினு நிக்கிறான். இன்னாப்பா வோணும்னேன். திரும்பினான். தாடி வெச்சிருந்தான். அந்த மூஞ்சி எனக்குத் தெரியாதா? 'அப்பா எங்கக்கா?'ன்னான்."

ஜூஸ் கடைக்காரர் ஒரு ஸ்டூலைத் தள்ளினார். உட்கார்ந்தேன்.

"சொன்னேன். அப்பா இல்லைன்னு, அம்மா அதுக்கு முன்னாடியே பூட்டாங்கன்னு சொன்னேன். அவனுக்கு ரெண்டும் தெரியாது. அப்டியே தரையில குந்திட்டான். ரொம்ப நேரம் கழிச்சு, 'அப்பாவுக்கு யாருக்கா கொள்ளி வெச்சது?'ன்னு கேட்டான். எங்க ஊட்டுக்காரருன்னேன். அவரு உள்ளேர்ந்து வந்தாரு. எழுந்து அவரு கால்ல விழுந்தான் பாரு, தூக்கவே முடியல."

"அப்புறம்?"

"சாவி கேட்டான். குடுத்தேன். சாயங்காலம் வரிக்கும் உள்ளதான் கீறான். நான் சோறு எடுத்துகினு போனேன். ஊட்ட முச்சூடும் பெருக்கி, தண்ணி அடிச்சு அலம்பி உட்டிருந்தான். சட்டையைத் தொவைச்சுப் போட்டிருந்தான். சாப்பிட்டுகினே கேட்டான், 'அப்பா கடைசியா என்னைக் கேட்டாராக்கா?'ன்னு."

அப்பா கடைசியாக எதையும் கேட்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"நான் கேட்டாருன்னு சொல்லிட்டேன் வசந்தா. உன் பேரைத்தான் சொல்லிகினே கெடந்தாருன்னு சொல்லிட்டேன். ஆறுதலா இருக்கும்னுதான் சொன்னேன். அவன் சோத்தைத் தட்டுலயே வெச்சுட்டான். ஒரு வாய்கூட அதுக்கப்புறம் திங்கல. பொழுது சாய எழுந்து கெளம்பிட்டான். இருடான்னேன். அக்காவுக்கு போன் போடறேன்னேன். 'வேணாங்கா. அது அங்கேர்ந்து ஓடி வரும். அது எதிர்ல என்னால நிக்க முடியாது'ன்னான். அம்மன் மேல சத்தியம் வாங்கிகினுதான் போனான். எங்க கீறே, இன்னா பண்றேன்னு எத்தினியோ கேட்டேன். வாயத் தொறக்கல."

"நான் வந்து பத்து நாள் ஆச்சு" என்றேன். "தினமும் உங்க கையாலதான் சாப்பிடறேன். எப்படிக்கா சொல்லாம இருந்தீங்க?"

"அந்தப் பொய்யைச் சொல்லாம இருந்திருந்தா இங்கியே இருந்திருப்பானோ இன்னாவோ. அத நெனச்சுகினேதான் நானும் கீறேன்."

நான் அவளிடம் கடுமையாக ஏதோ சொன்னேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு நான் உள்ளே போய் என் பத்திரத்தைத் திருப்பிக் கேட்டேன். வக்கீல் காரணம் கேட்டார், சொன்னேன். அவரே அதை நான்காகக் கிழித்து என்னிடம் கொடுத்தார். "நல்ல சேதிதானேம்மா" என்றார். ஆமாம் சார் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தனம் அக்கா ஒரு சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு அவன் துவைத்துப் போட்டது. காயவில்லை என்பதால் பீரோவிலிருந்து அப்பாவின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். விட்டுப்போன சட்டையின் பையில் ஒன்றும் இல்லை. கட்டம் போட்ட சாதாரணச் சட்டை, காலர் நைந்திருந்தது. தோளிலிருந்து தோளுக்கு விரித்துப் பிடித்துப் பார்த்தேன். நான் விட்டுவந்த தம்பி ஒல்லி. இவ்வளவு அகலமான ஆளாகிவிட்டான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நித்யா வந்து பக்கத்தில் நின்று, யாருடையது என்றாள். மாமாவுடையது என்றேன். எனக்கு மாமா இருக்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளிடம் நான் அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்பா செய்ததையே நானும் செய்திருக்கிறேன்.

6

போன் பூத்திலிருந்து ராஜனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "விக்க வேணாம். ஆனா பூட்டி வைக்காதே. வந்தவன் மொதல்ல பூட்டைத்தானே பார்த்தான்" என்றார்.

தேடினேன். பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன், ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். போலீஸ்காரர், வந்த ஆளை விட்டுவிட்டு இப்போது வந்து கேட்கிறீர்களே என்றார். விடுமுறை முடிய ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் அரசங்கன்றைப் பிடுங்கி, கூரையைப் பூசி, கூடத்துக்கு நீலமே அடித்தேன்.

ஆவடித் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்து குவார்ட்டர்ஸுக்குக் காத்திருந்த ஒரு இளம் தம்பதி வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். சங்கரன்கோவில் பக்கம். அந்தப் பெண்ணின் பெயர் செல்வி. "ஒரே ஒரு நிபந்தனைதான்" என்று அவளிடம் சொன்னேன். "எப்பவாவது ஒரு ஆள் வந்து கேட்டுக்கு வெளிய நின்னா உள்ள கூப்பிடு. உக்கார வெச்சுச் சோறு போடு. எனக்கு எழுது." விஷயம் முழுவதையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள்.

ஊருக்குத் திரும்பும் அன்று தனம் அக்கா வாசல்வரை வந்தாள். நான் அவளிடம் பேசாமல் ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவள் இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டது யார் என்று சொல்லத் தெரியவில்லை.

7

இரண்டு வருடமாகச் செல்வி எழுதுகிறாள். குவார்ட்டர்ஸ் கிடைத்தும் போகவில்லை, இங்கேயே பழகிவிட்டது என்கிறாள். முரளி வரவில்லை. நித்யா இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் வயதுக்கு வந்துவிட்டாள். ஆனாலும் இந்தியத் தபால் தலையைப் பார்த்தால் மட்டும் வந்து, "மாமா?" என்று கேட்பாள். இல்லை என்று தலையசைப்பேன். திரும்பப் போய்விடுவாள்.

டாக்டரிடம் போய்வந்த அன்று செல்வியின் கடிதம் வந்திருந்தது. இப்படி எழுதியிருந்தாள்:

"அக்கா, போன மாசம் மூணு பேருக்குச் சோறு போட்டேன். ஒருத்தர் கரண்டு மீட்டர் பாக்க வந்தவரு. இன்னொருத்தர் பாத்திர வியாபாரி. மூணாவது ஆள் வேற தெருவுக்குப் போகவேண்டியவரு, விலாசம் மாறி வந்துட்டாரு. முதல்ல பேரைக் கேட்டா சொல்லாமப் போயிருவாங்களோன்னு, சாப்பிட வெச்சதுக்குப் பிறகுதான் கேக்கேன். பாத்திர வியாபாரிக்கு எங்க ஊர்க் குழம்பு காரம் தாங்கல, கண்ணுல தண்ணி வந்துட்டு. அப்பத்தான் நினைச்சேன். உங்க தம்பிக்குக் காரம் ஒத்துக்கிடுமா? எழுதுங்க."

மேஜையில் உட்கார்ந்து உடனே பதில் எழுத ஆரம்பித்தேன். காரம் என்றால் அவனுக்கு உயிர், அம்மா வைக்கும் மிளகாய்த் துவையலை வெறும் சோற்றில் பிசைந்து தின்பான் என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தேன். அது இருபது வயதுப் பையன். இப்போது அவனுக்கு முப்பத்து மூன்று. வயிறு எப்படியோ, எந்த ஊர்ச் சாப்பாடு பழகியிருக்கிறானோ.

அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "எனக்குத் தெரியவில்லை செல்வி. வந்தால் அவனையே கேட்டுப் போடு."